வடிகட்டி ஐயா

அந்தப் பையைத் தரையில் வைக்காதீர்கள், தம்பி. மடியில் இருக்கட்டும். குருக்கள் ஒன்றும் சொல்ல மாட்டார், கோயில் எழுத்தர் சொல்லுவார். இந்த மலையில் ஆண்டவருக்கு அடுத்த இடம் எழுத்தருக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை காலை, ஈரத் தலை, மஞ்சள் பை, அதையும் இரண்டு கையால் பிடித்திருக்கிறீர்கள். வேண்டுதலுக்கு வந்தவர்கள் நேரே சன்னிதிக்குப் போவார்கள். கனவு கண்டவர்கள்தான் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து எச்சில் விழுங்குவார்கள். பூக் கேட்பது பத்தரைக்கு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நடுவில் பத்து மணிக்குக் கீழே இறங்க ஒரு பஸ் உண்டு. நல்ல பஸ், கூட்டமே இருக்காது. ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

பைக்குள் என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கக் கூடாது என்பது முறை. உயரமாக இருக்கிறது, அடி தட்டையாக இருக்கிறது. சொம்பா? சரி, சொல்ல வேண்டாம்.

என் பேச்சு கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் தாராபுரம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். யாரும் பேசக் கூடாது என்று நானே பலகை எழுதி மாட்டியிருந்தேன். அதனால் என் சகவாசம் எல்லாம் புத்தகங்களோடு என்றாகிவிட்டது.

இங்கே முதல் முறையா? அப்படியானால் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடிமரத்தைத் தாண்டி இடது பக்கத் தூணில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்டது, வீட்டு மின்சார மீட்டர் பெட்டி அளவுதான். கட்டளைப் பெட்டி என்று பெயர். வாகைமலை ஆண்டவர் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து, இன்ன பொருளைக் கொண்டுவந்து வை என்று கேட்பார். அவர் கொண்டுவருவார். சன்னிதியில் இரண்டு இலைப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. கனவு கண்டவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆள் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கனவு ஆண்டவர் அனுப்பியது, பொருள் பெட்டிக்குள் போகும், ஏற்கனவே இருந்தது அதைக் கொண்டுவந்தவரிடமே திரும்பிவிடும். சிவப்பு வந்தால் கனவு உங்கள் சொந்தக் கனவு. பொருளோடு வீட்டுக்குப் போகலாம்.

பெட்டிக்குள் போனது அடுத்த கட்டளை வரும்வரை அங்கேயே இருக்கும். பத்து நாளும் இருந்திருக்கிறது, இரண்டு வருஷமும் இருந்திருக்கிறது. எது உள்ளே இருக்கிறதோ அதைக் கொண்டு உலகத்தில் ஏதோ நடக்கப் போகிறது என்பது நம்பிக்கை. மண் வைத்தார்கள், நிலத்தின் விலை ஏறியது என்றார்கள். சைக்கிள் சங்கிலி வைத்தார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் காப்பாற்றியதே சங்கிலிதான் என்றார்கள்.

இப்போது பெட்டியில் இருப்பது ஒரு டீ வடிகட்டி. என்னுடையது.

ஆமாம், அந்த வடிகட்டி ஐயா நான்தான். பேப்பரில் பார்த்திருப்பீர்களே. இல்லையா? மூன்று பேப்பரில் வந்தது. ஒன்றில் இனிஷியல் தப்பு. எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. செவ்வாய் தோறும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான். கண்ணாடியில் ஈரம் படர்கிறதா, கம்பியில் துரு ஏறுகிறதா என்று யாராவது ஒருவர் கவனிக்க வேண்டுமல்லவா. இங்கே கவனிப்பு குறைவு. அடிவாரத்தில் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று தடவை எண்ணினேன். முந்நூற்று ஐம்பத்தெட்டு. எழுத்து மூலம் தெரிவித்தேன். "மீதி ஏழும் மண்ணுக்குள்ள இருக்குதுங்க" என்றார் எழுத்தர்.

பூ விஷயமே பாருங்கள். சிவப்புக்குச் செவ்வரளி, காம்போடு வைப்பார்கள். வெள்ளைக்கு நந்தியாவட்டை, ஒற்றை வரிசை இதழ், ஊதினால் பறக்கும். கையில் எடுத்தால் பிரிக்காமலே சொல்லிவிடலாம், கனமாக இருப்பது சிவப்பு. எத்தனையோ தலைமுறையாக இதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய, எடுப்பது நானில்லையே.

அது கிடக்கட்டும், உங்கள் கனவு எந்த நேரத்தில் வந்தது? விடியற்காலையா. ம். முதல் ஜாமத்துக் கனவு பலிக்க ஒரு வருஷம், விடியற்காலைக் கனவு என்றால் பத்து நாள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பத்து நாளைக்குள் வந்தீர்களா? நாலாம் நாளே வந்துவிட்டீர்கள். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள்? பரோட்டா சாப்பிட்டிருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கம்பஞ்சோறா. சரி. கம்பஞ்சோற்றில் குறை சொல்ல முடியாது.

தம்பி, உங்களிடம் ஒளிவு மறைவு எதற்கு. அந்த வடிகட்டி இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் எனக்கு நல்லது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மச்சான் காரணம். என் சம்சாரம் மரகதத்தின் அண்ணன், நாச்சிமுத்து. அவளுக்கு இருப்பது அந்த ஓர் அண்ணன்தான். அவர் பதினோரு வருஷம் எங்கள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை.

அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை ஆண்டவர் காலடியில் வைக்க வேன் பிடித்து வந்தோம். சம்பந்தி வீட்டாரும் கூட. வழியெல்லாம் நாச்சிமுத்து தலபுராணம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆண்டவர் யானை மேல் வந்து இறங்கிய மலை இது, அந்த யானையின் காலடி இன்றைக்கும் சுனைக்குப் பக்கத்தில் பாறையில் இருக்கிறது என்று. மேலே வந்ததும் எல்லாரையும் அங்கே கூட்டிப்போய்க் காட்டினார். சம்பந்தியம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அப்போது ஒரே ஒரு விவரம் சொன்னேன். அது கோயில் கட்டியவர்கள் சுண்ணாம்பு இடித்த குழி, யானைக் கதை வேறொரு மலையுடையது, இந்த மலைக்கு அதை ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் கொண்டுவந்து ஒட்டினார் என்று. நிதானமாகத்தான் சொன்னேன். சம்பந்திகள் சிரித்துவிட்டார்கள்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ளே, அப்ப இருவத்தஞ்சு வருசமா நான் உரலையா கும்பிட்டுட்டு இருந்தேன்?" என்றார்.

ஒரு விதத்தில் ஆமாம் என்றேன்.

திரும்பும்போது எங்கள் ஊர் நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போனவர்தான். யோசித்துப் பார்த்ததில் என் மேலும் தவறு உண்டு. ஆண்டைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏறத்தாழ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவ்வளவு கடுமையாகத் தெரிந்திருக்காது. மரகதம் இதை ஒத்துக்கொள்வதில்லை. "அந்தக் காலடி இருந்தா உங்களுக்கு என்ன, இல்லாட்டி உங்களுக்கு என்ன?" என்பாள். அண்ணனை யார் வீட்டுக் கல்யாணத்திலாவது, பந்தியில், எதிர் வரிசையில் பார்த்துவிட்டு வருவாள். வந்து இரண்டு நாள் பாத்திரங்களைச் சத்தமாக வைப்பாள்.

இதற்கு நடுவில் நாச்சிமுத்துவுக்குக் கனவுகள் வர ஆரம்பித்தன. வருஷத்துக்கு ஒன்றாக நாலு கனவு. பூசணிக்காய் கொண்டுவந்தார், சிவப்பு. எள், சிவப்பு. மாட்டு மணி, சிவப்பு. நாலாவதாக இளநீர்க் குலையைத் தோளில் சுமந்து படியேறி வந்தார். சிவப்பு. அதோடு தோட்டத்துச் சாளை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டோம். சாமிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்கிறாராம். மரகதம் அன்றைக்கு அழுதாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், அதுவும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதனால்... கொஞ்சம் இப்படித் திரும்புங்கள். எழுத்தர் போகிறார்.

அதனால் நான் ஒரு சோதனை செய்தேன். எனக்குக் கனவே வரவில்லை, தம்பி. ஒரு கனவை நானாகத் தயாரித்தேன். பொய்க் கனவுக்கும் வெள்ளைப் பூ வரும் என்று காட்டிவிட்டால், பூவுக்கு ஒன்றும் தெரியாது, நாலு சிவப்பும் வெறும் தற்செயல், ஆண்டவருக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை என்று நாச்சிமுத்துவிடம் நிரூபித்துவிடலாம். யாரும் அர்த்தம் சொல்ல முடியாத பொருளாக இருக்க வேண்டும் என்று சமையலறையில் தேடி அந்த வடிகட்டியை எடுத்தேன். மரகதம் புதுசு வாங்கித் தாருங்கள் என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்த வடிகட்டி.

எழுத்தரிடம் கனவைப் பதிய வேண்டும். எந்தக் கோலத்தில் வந்தார், என்ன சொன்னார் என்று கேட்டார். "வடிகட்டி ஒன்றைக் கொணர்ந்து வைப்பாயாக" என்றார் என்று சொன்னேன். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம ஆண்டவர் இப்படிப் பேசாதுங்களே."

"என்னிடம் இப்படித்தான் பேசினார்."

"எல்லாத்துகிட்டயும் 'கொண்டாடா'ன்னுதானுங்க சொல்லியிருக்குது. நோட்டைப் பாருங்க."

கடைசியில் 'கொண்டா' என்று சமாதானமானோம். அந்த டாவுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

பூவை எடுத்தது ஒரு பஸ் கண்டக்டர். வெள்ளை. எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் மாலை விழுந்தது. வடிகட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சரி, நாச்சிமுத்துவிடம் மட்டும் சொன்னால் போதும் என்று கீழே இறங்கினேன். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, நாலு வருசம் நான் கேட்டேன். எனக்குச் சொல்லல, உங்களுக்குச் சொல்லியிருக்குது. என்ன சொல்லுச்சு, எப்படிச் சொல்லுச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். உள்ளே மரகதம் என் பழைய வேட்டியைக் கிழித்து அதில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அந்த நேரத்தில் போய்ச் சோதனை முடிவை அறிவிக்க முடியுமா? பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். பதினான்கு மாசம் ஆகிறது.

கனவைச் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். இரண்டாம் பதிப்பில் வேல் சேர்ந்தது. மூன்றாம் பதிப்பில் மயில். இப்போது நடப்பது ஆறாம் பதிப்பு, திருத்தியது, விரிவாக்கியது. அவரே நாலு ஊருக்குப் போய்ச் சொல்கிறார். "நல்லது கீழ எறங்கும், சக்கை மேல நிக்கும், அதானுங்க ஆண்டவர் சொல்றது" என்கிறார். கிருத்திகைக்குக் கிருத்திகை வேனைக் கொண்டுவந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறார். வழியில் தலபுராணம் உண்டு. யானை வருகிறது, காலடி வருகிறது. கோயில் கல்வெட்டுக்கு எண்ணூறு வருஷம் என்கிறார், அது முந்நூறு. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். வடிகட்டி கொடுத்த மரியாதையை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாதல்லவா.

இப்போது புரிகிறதா? வடிகட்டி பெட்டியில் இருக்கும்வரைதான் நாச்சிமுத்து எங்கள் வீட்டுக்கு வருவார். அது வெளியே வந்துவிட்டால் நான் மறுபடி வெறும் மாப்பிள்ளை. சுண்ணாம்புக் குழி மாப்பிள்ளை. மரகதம் மறுபடி பந்தியில் எதிர் வரிசை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். நான் சொன்னது அத்தனையும் பொய், அதற்கே வெள்ளை வந்தது. இதை நம்பி நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பத்து மணி பஸ் வர இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது.

என்ன, எழுந்திருக்க மாட்டேன் என்கிறீர்களா.

சரி, அவர் உங்களிடம் என்னதான் சொன்னார்? சொன்னால் தப்பில்லை, நானும் சொல்லிவிட்டேனே. மெதுவாகச் சொல்லுங்கள்.

மறுபடி சொல்லுங்கள்.

"வடிகட்டி வந்து கெடக்குது, டம்ளரைக் காணோமேடா" என்றாரா?

இருங்கள். நீங்கள் டீக்கடை வைத்திருக்கிறீர்களா? கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். வீட்டில் யாராவது டீக்கடை? அதுவும் இல்லை. பெட்டியைப் பார்த்ததில்லை, பேப்பரும் படிக்கவில்லை. இந்த மலையில் வடிகட்டி இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். என்ன வடிகட்டி, எதற்கு டம்ளர் என்று நாலு நாளாகக் குழம்பிப் போயிருந்தீர்களா. பையைத் திறங்கள். எவர்சில்வர் டம்ளர். பேர் வெட்டியிருக்கிறது. உங்கள் அம்மா பேரா. சரி, மூடிவையுங்கள்.

தம்பி, எனக்கு அவர் எதையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நான் சொன்னதை அவர் எப்படி...

எழுத்தர் வருகிறார். எழுந்து நில்லுங்கள். என்னங்க? யார் எடுப்பதா? இந்தத் தம்பியை எனக்குத் தெரியாது, இப்போதுதான் பார்க்கிறேன். உறவெல்லாம் இல்லை. நானா? நான் எப்படி எடுப்பது, உள்ளே இருப்பது என் பொருள். அதனாலேதான் பொருத்தம் என்கிறீர்களா? வேறு யாரும் இல்லையா மண்டபத்தில்?

வாருங்கள், தம்பி. இந்தப் பக்கம். படி வழுக்கும்.

*

உட்காருங்கள். நானும் உட்காருகிறேன். நாதஸ்வரம் நிற்கட்டும், காது கேட்கவில்லை. அந்த மாலையைக் கழற்றாதீர்கள், சாயங்காலம் வரை போட்டிருக்க வேண்டும். நான் இரண்டு நாள் போட்டிருந்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் சிவப்பைத்தான் எடுக்கப் போனேன். இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். வலது கைப் பக்கம் இருந்தது நல்ல கனம். சந்தேகமே இல்லை, செவ்வரளி என்று எடுத்தேன். மனசறிந்துதான் எடுத்தேன், மரகதம் முகத்தை நினைத்துக்கொண்டு. குருக்கள் பிரித்தால் வெள்ளை.

அப்புறம்தான் பார்த்தேன். அடுக்கு நந்தியாவட்டை. ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இதழ் இருக்குமே, அது. வழக்கமான செடி பட்டுப்போய்விட்டதாம், போன வாரம்தான் புதுச் செடியில் பறிக்க ஆரம்பித்தார்களாம். குருக்கள் சொல்கிறார், அதுவும் நான் கேட்ட பிறகு. இப்படி ஒரு மாற்றம் செய்தால் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டாமா?

உங்கள் டம்ளர் நன்றாகத்தான் இருக்கிறது பெட்டியில். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அடுத்த செவ்வாய் வந்து சொல்கிறேன் அவர்களிடம். இல்லை, இனி நான் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. நீங்கள் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் படராமல்.

இதோ, இதுதான் வடிகட்டி. இங்கே பாருங்கள், ஓரத்தில் கம்பி விட்டிருக்கிறது. பதினான்கு மாசச் சந்தனம், கழுவினால் போய்விடும். கொஞ்சம் பிடியுங்கள், வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் தெரியத்தானே போகிறது.

மரகதம். நான்தான். மலையில்தான். கேள், வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். ஆமாம், பெட்டியிலிருந்து. டம்ளர் வந்திருக்கிறது. டம்ளர், டம்ளர். என் கையில்தான் இருக்கிறது வடிகட்டி. அப்பாடாவா? என்ன அப்பாடா? சரி. சரி. மறக்காமல் கொண்டுவருகிறேன். டீத்தூள் கால் கிலோ. யாருக்கு? எப்போது வந்தார்? அவரிடம் சொல்லிவிட்டாயா? என்ன சொன்னார்? சரி. கிருத்திகைகூட இல்லையே, எதற்கு வந்தார்? எப்போதெல்லாம்? வைக்கிறேன்.

கையோடு வடிகட்டியைக் கொண்டுவரச் சொல்கிறாள். பதினான்கு மாசமாக வேட்டியில் வடிகட்டிக் கை நோகிறதாம். சாமிக்குப் போன சாமானுக்குப் பதிலாக இன்னொன்று வாங்கக் கூடாது என்று இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

நாச்சிமுத்து வீட்டில் இருக்கிறாராம், தம்பி. காலையிலேயே வந்துவிட்டாராம். வாசல் முருங்கையில் காய் பறித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். வடிகட்டியை எடுத்துவிட்டார்கள் என்று மரகதம் உள்ளேயிருந்து கத்திச் சொன்னாளாம். "டம்ளர் வந்துச்சா? நல்லதுதான். மாப்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லு, பசிக்குது" என்றாராம். அவ்வளவுதானாம்.

எனக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. வடிகட்டி வெளியே வந்தது பத்தே முக்காலுக்கு. அவர் வந்தது எட்டு மணிக்கு. ஆகவே அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்றைக்குக் கிருத்திகையும் இல்லை. மரகதத்தைக் கேட்டேன். போன செவ்வாயும் வந்தாராம், அதற்கு முந்தின செவ்வாயும் வந்தாராம், நான் இங்கே துரு பார்க்க வந்திருந்த நேரமெல்லாம். சும்மாதான் வருகிறாராம்.

சும்மா எதற்கு ஒரு மனிதர் வருவார்? உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா, தம்பி?